தரையில்லாத படகு

"எங்கப்பா ஓடிப்போனாரா, செத்துப்போனாரா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தப் பெண் கேட்டுவிட்டாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையில் நூல் பிசிறுகூட ஒட்டியிருந்தது.

சைக்கிள் கடைக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறையில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவர் சேத மதிப்பீட்டாளர். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, மூழ்கிய தோணி என்று எது நாசமானாலும் போய்ப் பார்த்து, எப்படி நாசமானது என்று சொல்வது அவர் தொழில். ஊரில் அவருக்கு நிதானம் என்று பெயர். பக்கத்துக் கட்டடம் பற்றி எரிந்தபோது மின்விசிறியை அணைத்து, செருப்பு வாரை மாட்டிக்கொண்டு இறங்கி வந்த மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

இன்னொருத்தி அவருடைய உதவியாளர். வேதியியல் பட்டதாரி. அவள் குடும்பத்தில் கல்லூரியில் படித்த முதல் ஆள். அவள் அம்மாவும் அதே கல்லூரிக்குள் தினமும் போனவள்தான், துடைப்பத்தோடு. அதனாலோ என்னவோ, யாராவது யாரையாவது எழுந்து நிற்கச் சொன்னால் போதும், இவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். பட்டாசு என்று அவளை முதலில் கூப்பிட்டது நிதானம்தான். இப்போது சைக்கிள் கடைக்காரன்வரை கூப்பிடுகிறான்.

"உக்காருங்கக்கா" என்று பட்டாசு தண்ணீரை நீட்டினாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க."

தையல்காரி சொன்னாள். அவள் அப்பா படகோட்டி. படகுத்துறை முதலாளியிடம் வேலை. ஆற்றுக்கு மேலே இருந்த சூளையிலிருந்து சுட்ட சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வருவது அவர் படகு. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், ஆறு பெருகிக் கிடந்த ஒரு நாள், சரக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர் வந்து சேரவில்லை. படகும் வரவில்லை.

"படகையும் சரக்கையும் வித்துட்டு ஓடிட்டான்னு முதலாளி போலீஸ்ல சொல்லிட்டார். அம்மா என்னையும் இழுத்துக்கிட்டுப் போயி அவர் கொட்டகையில பொழுதுக்கும் உக்காந்திருந்தாங்க. 'உன் புருஷன் உன்கிட்ட சொல்லாமலா போயிருப்பான்'னு கேட்டாராம். அன்னிலேர்ந்து நான் படகுத் திருடன் பொண்ணு. எங்கம்மா ஓடிப்போனவன் பொண்டாட்டி."

"அம்மா என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்டார் நிதானம்.

"ஓடிட்டார்னுதான். ஏன்னா குண்டான்."

"குண்டானா?"

"பித்தளைக் குண்டான். வீட்டுல அது ஒண்ணுதான் உருப்படி. போன அன்னிக்குக் காலையில எடுத்துக்கிட்டார். அம்மா ஒரே சண்டை. சாயங்காலம் தந்துடறேன்னுட்டுப் போனவர்தான். ஊர்ல என்ன பேசினாங்க தெரியுமா? சும்மா ஓடறவன் சட்டையைத்தான் எடுத்துட்டுப் போவான், குண்டானை எடுத்துட்டுப் போறவன் எங்கயோ குடித்தனம் வைக்கப் போறான்னு." தையல்காரி நூல் பிசிறை விரலில் சுற்றி அறுத்தாள். "அம்மாவால அதைத்தான் தாங்க முடியல."

பட்டாசுக்கு அந்த ஊர்வாயை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து அறைய வேண்டும் போலிருந்தது. நிதானமோ, குண்டான் வாங்க வந்தவர் போல விசாரித்துக்கொண்டிருந்தார்.

"குண்டான்ல அடையாளம் ஏதாவது உண்டா?"

"அடியில ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்டிருக்கும். அரை வட்டமா. அம்மா இப்பவும் விரலால வரைஞ்சு காட்டுவாங்க."

போன வாரம் வெள்ளம் வடிந்தபோது, தையல்காரியின் தெருவுக்குப் பின்னால் கரை சரிந்து, மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய படகின் பாதி வெளியே வந்திருக்கிறது. கரையைப் பலப்படுத்தும் வேலை அங்கேதான் நடக்கிறது. துறை முதலாளி போய்ப் பார்த்துவிட்டு, அது தன்னுடைய பழைய மணல் படகு, கரையில் இழுத்துப்போட்டு மறந்தது, உடைத்து அள்ளிவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று மதியம் இயந்திரம் வருகிறது.

"அது உங்கப்பா ஓட்டின படகுன்னு எப்படித் தெரியும்?" என்றார் நிதானம்.

"தெரியாது சார். தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வர்றேன்?"

நிதானம் முதல்முறையாகச் சிரித்தார். "நியாயம்தான். அந்த அளவு நாடாவைக் கொஞ்சம் குடுங்க. சாயங்காலம் தந்துடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தையல்காரி நாடாவைக் கழற்றிக் கொடுத்தாள்.

*

படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. முனை கரைக்குள் ஆழமாகக் குத்தியிருந்தது. பின்பக்கம் ஆற்றைப் பார்த்து இறங்கியிருந்தது. மண்ணுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் மரம் உளுத்துப்போகவில்லை. மேல்விளிம்பில் பூசிய தார்கூடச் சில இடங்களில் மினுமினுத்தது.

மஞ்சள் தலைக்கவசத்தோடு நின்ற கரைப் பொறியாளர் அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். கெட்டவள் இல்லை, அவசரக்காரி.

"சார், அடுத்த மழைக்கு முன்னாடி இங்க நான் கல்லு அடுக்கணும். சொந்தக்காரரே உடைங்கன்னு எழுதிக் குடுத்துட்டார். 'இருக்கலாமோ'ன்னு எல்லாம் சொன்னா என்னால மிஷினை நிறுத்த முடியாது. ஆதாரத்தோட வாங்க, நிறுத்தறேன்."

"நியாயம்தான்" என்றார் நிதானம். அன்றைக்கு அது இரண்டாவது நியாயம். பட்டாசு பல்லைக் கடித்தாள்.

படகுக்குள் இறங்கினார்கள். அடிப்பலகை முழுக்க வெள்ளையாக ஒரு பாறை படிந்திருந்தது. முன்பக்கம் மெல்லிய அப்பளம் போல. பின்பக்கம் போகப்போகத் தடித்து, கடைசியில் முழங்கால் உயரத்துக்கு. ஓரிடத்தில் அந்தப் பாறை பெயர்ந்திருந்தது. அதற்கு அடியில் மரம் கரிக்கட்டையாக இருந்தது.

பட்டாசு குதித்தாள். "தீ வெச்சிருக்காங்க சார்! கொளுத்திட்டுத்தான் அந்த ஆளு திருட்டுன்னு கதை கட்டியிருக்கான்!"

"மெதுவா. மேல விளிம்பைப் பாரு."

பார்த்தாள். விளிம்பில் தார் அப்படியே இருந்தது. தீ பட்டிருந்தால் முதலில் பற்றியிருக்க வேண்டியது அதுதான்.

"அடுப்புல தீ எந்தப் பக்கம் போகும்?"

"மேலதான்."

"இங்க அடி எரிஞ்சிருக்கு, மேல எரியல. கொளுத்தறவன் படகுக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டா கொளுத்துவான்?"

நிதானம் படகின் இரண்டு பக்கமும் விலா எலும்பு போல வளைந்து நின்ற கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். ஒவ்வொரு கட்டையிலும், அடிப்பலகைக்குச் சற்று மேலே, படிக்கட்டு போல ஒரு சின்ன வெட்டு. எதிர்ப்பக்கத்துக் கட்டையிலும் அதே உயரத்தில் அதே போல.

"இதுக்குள்ள விரலை விடு."

விட்டாள். விரல் நுனி கறுத்து வந்தது. வெட்டுக்கு உள்ளேயும் கரி.

நிதானம் தையல்காரியின் நாடாவை எடுத்து வெட்டின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தார். சொக்காய்க்கு அளவெடுப்பவர் போல இரண்டு முறை அளந்தார். வெள்ளைப் பாறையில் ஒரு துண்டை உடைத்துக் கைக்குட்டையில் முடிந்து பட்டாசிடம் கொடுத்தார்.

"சாட்சி சொல்றதுக்கு இதுக்கு வாய் இருக்கான்னு பாரு. நீதானே கெமிஸ்ட்ரி."

*

துறை முதலாளியின் கொட்டகையில் அவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். கூலிக்கு வருகிறவர்கள் உட்காரும் நீள பெஞ்சு அது. தடித்த பழைய கட்டைகளை இடைவெளி விட்டு வரிசையாக அடுக்கி ஆணி அடித்திருந்தது. கட்டைகளின் இரண்டு முனையும் படி போல வெட்டப்பட்டு, பல் பல்லாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பட்டாசு உட்காரும்போது அதில் ஒரு பல் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது.

"பாத்தீங்களா சார்? அவருக்கு மெத்தை நாற்காலி. உழைக்கிறவனுக்கு முள்ளு பெஞ்சு. இதை இழைச்சு விட ஒரு தச்சன் கிடைக்கலியா இந்த ஊர்ல?"

எழுந்தபோது அவளுடைய கறுப்புக் கால்சட்டையின் பின்பக்கம் வெள்ளைக் கோடு கோடாகப் படிந்திருந்தது. சலித்துக்கொண்டே தட்டிவிட்டாள். "பெருக்கக்கூட ஆளில்ல போல."

நிதானம் பெஞ்சுக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். பிறகு நாடாவை எடுத்து அதன் பல்லை அளந்தார். கொட்டகை ஆள் ஒருவன் சந்தேகமாகப் பார்த்ததும், "முதுகு வலி தம்பி. இந்த உயரம் எனக்கு ஒத்துக்குமான்னு பாக்கறேன்" என்றார்.

உள்ளே துறை முதலாளி வெகு மரியாதையாக வரவேற்றார். நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை. டீ வந்தது.

"அந்தப் பொண்ணு உங்க வரைக்கும் வந்துட்டாளா? பாவம். அது மணல் படகு சார். பழசாச்சுன்னு இழுத்துப் போட்டேன். நாடோடிங்க அதுல அடுப்பு மூட்டுவாங்க. அந்தக் கரியைத்தான் நீங்க பாத்திருப்பீங்க."

"மணல் படகுக்கு உள்ள தரை போடுவீங்களா? கட்டை அடுக்கி, அடிப்பலகைக்கு மேல?"

"மணலுக்கு எதுக்கு சார் தரை? நனைஞ்சா நனையட்டுமே."

"சுண்ணாம்புப் படகுக்கு?"

"அதுக்குத் தரை இல்லாம ஆகாது. அடியில எப்பவும் கொஞ்சம் தண்ணி கசிஞ்சு நிக்கும். அது சுண்ணாம்புல படக் கூடாது."

"அப்படிப்பட்ட படகு உங்ககிட்ட எத்தனை இருந்துச்சு?"

"ஒண்ணே ஒண்ணு. இந்த ஆத்துலயே அது ஒண்ணுதான். அதைத்தான் அவன் கொண்டு போயிட்டானே!"

"தரையோடவா?"

"தரையோட, துடுப்போட, கயிறோட. துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டான்." முதலாளி டீயை ஆற்றினார். "நல்லா வெச்சிருந்தேன் அவனை."

பட்டாசுக்குக் கை துறுதுறுத்தது. நிதானம் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "டீ பிரமாதம். ஒரு சின்ன உதவி. மதியம் கரையில கொஞ்ச நேரம் பேச வேண்டியிருக்கு, உக்கார இடமில்ல. உங்க வெளி பெஞ்சை ஆள் வெச்சு அனுப்ப முடியுமா? நீங்களும் வந்தா நல்லாயிருக்கும்."

"அதுக்கென்ன, தாராளமா!" என்றார் முதலாளி. மரியாதை தெரிந்த மனிதர்.

வெளியே வந்ததும் பட்டாசு வெடித்தாள். "அந்த ஆள்கிட்டப் போயி பெஞ்சு கேக்கறீங்க! ஒரு கேள்வி கேட்டீங்களா உருப்படியா?"

"நாலு கேட்டேனே" என்றார் நிதானம்.

*

தையல்காரியின் வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரே அறை. சன்னலோரம் தையல் இயந்திரம், சுவரோரம் கட்டில். கட்டிலில் அவள் அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடுப்பு விழுந்து ரொம்ப நாளாகிறதாம். வாய் மட்டும் விழவில்லை.

"குண்டான்காரரைத் தேடியா வந்திருக்கீங்க? அவர் எங்கயோ பேரன் பேத்தி எடுத்திருப்பாரு. போயி வேலையைப் பாருங்க."

"அம்மா, சும்மா இரு" என்றாள் தையல்காரி.

"நான் சும்மாதான் இருக்கேன் இத்தனை வருஷமா."

பட்டாசு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கைக்குட்டையிலிருந்த வெள்ளைத் துண்டைத் தரையில் வைத்து ஒரு சொட்டு விட்டாள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. அவள் எதிர்பார்த்ததுதான். சுண்ணாம்பு. மணல் இப்படிப் பொங்காது.

சரி, சுண்ணாம்புப் படகு. ஆனால் தீ?

நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்லூரியில் முதல் வருஷம், ஆய்வுக்கூடத்தில், சுட்ட சுண்ணாம்புக் கட்டி ஒன்றின் மேல் அவள் தண்ணீர் விட்டது நினைவுக்கு வந்தது. கட்டி உறுமியது, வெடித்தது, ஆவி அடித்தது. கண்ணாடிக் குவளையை வெறுங்கையால் தூக்கப் போய் விரல் கொப்பளித்துவிட்டது. 'உங்க வீட்டுல யாரும் படிச்சதில்லையா?' என்று கேட்டார் விரிவுரையாளர். அந்தக் கேள்விதான் இத்தனை நாளும் மனசில் தங்கியிருந்தது. பாடம் எங்கேயோ ஒதுங்கிக் கிடந்திருக்கிறது.

வாசலுக்கு ஓடினாள்.

"சார்! யாரும் தீ வெக்கல. தண்ணிதான் வெச்சிருக்கு! சுட்ட சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும். படகு நிறைய சுண்ணாம்பு, அடியில தண்ணி. காஞ்ச மரம் பத்திக்கிற அளவுக்குச் சூடு வரும். அதான் அடியிலேர்ந்து எரிஞ்சிருக்கு!"

நிதானம் தலையை ஆட்டினார். "தீ கீழேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுது. கீழே தீயை வெச்சது யாருன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். இப்ப எல்லாம் கூடிடுச்சு."

"ஆனா சார், தரை இருந்துச்சுல்ல? தரைக்கட்டை இருந்தா சுண்ணாம்புல தண்ணி எப்படிப் படும்?"

"உன் கால்சட்டையைத் திரும்பிப் பாரு" என்றார் நிதானம்.

*

கரையில் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. இரண்டு ஆட்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வர, அதன் கூடவே குடை பிடித்தபடி துறை முதலாளி நடந்து வந்தார். பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தையல்காரி கைகளைக் கோத்துக்கொண்டு படகுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உக்காருங்க" என்று முதலாளி பெஞ்சைக் காட்டினார்.

"உக்காரறதுக்கு இல்ல" என்றார் நிதானம். "பொறியாளரம்மா, இது மணல் படகுன்னா உள்ள தரை இருந்திருக்காதுன்னு இவரே சொன்னார். இந்தக் கட்டைங்கள்ல வரிசையா வெட்டு இருக்கு பாருங்க. தரைக்கட்டையோட முனை வந்து உக்கார்ற இடம். அடியில படிஞ்சிருக்கிறது சுண்ணாம்பு. பட்டாசு ஆசிட் விட்டுப் பாத்துட்டா. இந்த ஆத்துல சுண்ணாம்புப் படகு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சுன்னும் இவர்தான் சொன்னார்."

முதலாளியின் குடை லேசாகச் சாய்ந்தது. "இருக்கலாம். வயசாச்சு, எனக்கு அடையாளம் தப்பியிருக்கும். அப்ப திருடிட்டுப் போறப்ப முழுகியிருக்கு. நல்லதாப் போச்சு."

பட்டாசு ஒரு அடி முன்னால் வைத்தாள். நிதானம் அவளைத் தடுக்கவில்லை. "நீயே சொல்லு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"இந்த வெட்டுக்குள்ள கையை விடுங்க மேடம்" என்றாள் பட்டாசு.

பொறியாளர் விட்டாள். விரலைப் பார்த்தாள். "கரி."

"தரைக்கட்டை இதுக்குள்ள இறுக்கமா உக்காந்திருந்தா, அந்த இடத்துக்குத் தீ போயிருக்க முடியாது. சுத்தி எரிஞ்சாலும் உள்ள மரம் வெளுப்பா இருக்கும். ஆனா எல்லா வெட்டுலயும் கரி. படகு எரிஞ்ச அன்னிக்கு அதுல தரையே இல்ல."

"தரையோட திருடு போச்சுன்னு சொன்னீங்க" என்று நிதானம் முதலாளியைப் பார்த்துச் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அப்ப தரை எங்கே?"

இயந்திர ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

பட்டாசு பெஞ்சைக் குப்புறக் கவிழ்த்தாள். ஆட்களில் ஒருவனிடமிருந்து கடப்பாரையை வாங்கி, ஒரு கட்டையை நெம்பிப் பிடுங்கினாள். இடுக்குகளில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு படகுக்குள் இறங்கி, ஒரு முனையை இந்தப் பக்கத்து வெட்டிலும் மறுமுனையை எதிர்ப்பக்கத்து வெட்டிலும் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். பெட்டிக்கு மூடி போல உட்கார்ந்தது.

துறை முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"தரையைக் கழட்டினா படகு ஆழமாகும், இன்னும் சரக்கு ஏத்தலாம்" என்றார் நிதானம். "சரக்கு தண்ணிக்கு எவ்வளவு கிட்டப் போகுதுன்னு பாக்கல. இல்ல, பாத்தும் ஏத்தினீங்க. படகு வரலைன்னதும் என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்குத் தெரியும். ஆள் செத்துப்போனான்னா ஏன்னு கேப்பாங்க. ஓடிட்டான்னா யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க. போன வாரம் இது வெளிய வந்ததும் பாத்தவுடனே தெரிஞ்சுக்கிட்டீங்க. அதான் இவ்வளவு அவசரம்."

"அப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் ஏத்துவாங்க" என்றார் முதலாளி. "நான் ஒருத்தனா? அவன் ஓடித்தான் போயிருப்பான்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் சார். நிஜமா."

"நம்பினீங்களா?" பட்டாசு படகுக்குள்ளிருந்து கத்தினாள். "அந்தாள் உசுரு மேல ஆணி அடிச்சு பெஞ்சு செஞ்சு, அதுமேலயே கூலிக்காரங்களை உக்கார வெச்சிருக்கீங்க!"

தையல்காரி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவும் நானும் இதுலதான் உக்காந்திருந்தோம்" என்றாள் மெதுவாக. "அப்பா காணாமப்போன அந்த வாரம். என் பாவாடையெல்லாம் வெள்ளையாயிடுச்சு. அழுக்குப் பண்ணிட்டேன்னு அம்மா முதுகுல ஒண்ணு வெச்சாங்க." குனிந்து அதன் பல்லைத் தொட்டு, "இது மேல உக்காந்துக்கிட்டுத்தான் சார் அவரைத் தேடினோம்" என்றாள்.

பொறியாளர் இயந்திரத்தைப் பார்த்துக் கையை வீசினாள். "எடுத்துட்டுப் போ. இன்னிக்கு வேலை இல்ல. போலீசுக்கு நான் சொல்றேன்."

முதலாளி உட்கார இடம் தேடினார். கவிழ்ந்து கிடந்த பெஞ்சு மட்டும்தான் இருந்தது. நின்றுகொண்டே இருந்தார்.

"சார்" என்றாள் தையல்காரி. "படகு அவருதுதான். ஒத்துக்கறேன். ஆனா அவர் இதுல இருந்தாரா? பாதியில குதிச்சு, குண்டானோட எங்கயாவது கரையேறி..." அம்மாவின் கேள்வி அது.

நிதானம் படகின் முனையைக் காட்டினார். "இது கரைக்குள்ள எவ்வளவு ஆழமா குத்தியிருக்கு பாருங்க. தானா மிதந்து வந்தது ஒதுங்கும், இப்படிக் குத்தாது. யாரோ திருப்பி ஓட்டியிருக்காங்க. எரியற படகை, இந்தக் கரைக்கு. மேல யாரு வீடு?"

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். அப்பா காலத்திலிருந்து அவர்கள் இருக்கும் வீட்டின் சன்னல் தெரிந்தது.

"குத்தின வேகத்துல கரை இடிஞ்சு படகை மூடியிருக்கும், அவரை வெள்ளம் கொண்டுபோயிருக்கும், அந்தப் பெருக்குல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப குண்டான். தரையைக் கழட்டினதை முந்தின நாளே பாத்திருப்பார், என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும். சரக்கு தண்ணியைத் தொடாம இருக்க ஒரே வழி, ஊர்ற தண்ணியை விடாம இறைச்சுக் கொட்டறதுதான். அதுக்குப் பெரிசா ஒரு பாத்திரம் வேணும். வீட்டுல சொன்னா பயப்படுவாங்கன்னு சாயங்காலம் தந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்." அவர் பின்பக்கத்தைக் காட்டினார். "கசியற தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும். படகுல பள்ளம் அங்க. நான் நினைக்கிறது சரின்னா, குண்டான் எங்கயும் ஓடல. அந்தப் பாறைக்குள்ள இருக்கு. இல்லைன்னா நான் சொன்னதுல பாதி தப்பு."

பட்டாசு பையிலிருந்து உளியை எடுத்தாள். எதையும் ஒரே அடியில் உடைத்துப் பழகியவள், அன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தினாள். வெள்ளைச் சில்லுகள் தெறித்தன. ஓரிடத்தில் உளி 'டங்'கென்றது.

பச்சை படிந்த ஒரு வளைவு. தையல்காரி சேற்றில் மண்டியிட்டு, கையாலேயே தோண்டத் தொடங்கினாள். கவிழ்ந்த நிலையில் அடிப்பக்கம்தான் முதலில் முழுதாக வெளியே வந்தது. அதில், அரை வட்டமாக, ஒட்டு.

*

"நீ சொல்லு" என்றாள் தையல்காரி வாசற்படியில். "எனக்கு வாய் வரல. நீதான் பட்டுனு பேசுவ."

பட்டாசு உள்ளே போனாள். சன்னல் வழியாக வெயில் சாய்ந்து கட்டில் காலில் விழுந்திருந்தது. குண்டானைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

கிழவி குண்டானைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை நீட்டி, அடியைத் தடவினாள். விரல் ஒட்டின் மேல் அரை வட்டமாக ஒருமுறை போய் வந்தது.

"எங்க இருந்துச்சு?"

"நம்ம கரையிலதான்மா" என்றாள் பட்டாசு. "படகுல. தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்திருக்கார். படகைத் திருப்பிக்கிட்டு இங்கதான் வந்திருக்கார். உங்க வீட்டைப் பாத்து."

"வந்தாரா?"

"வந்தார். கரை வரைக்கும் வந்துட்டார்."

கிழவி குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாசலில் தையல்காரியும், அவளுக்குப் பின்னால் நிதானமும் நின்றார்கள். நிதானம் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துச் சுருட்டி, ஓசைப்படாமல் அவள் கையில் வைத்தார்.

"சாயங்காலம் தந்துடறேன்னாரு" என்றாள் கிழவி கடைசியில். கண் சன்னலுக்குப் போய், சாய்ந்த வெயிலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மகளைப் பார்த்து அதட்டினாள்: "என்னடி மரம் மாதிரி நிக்கற? புளியைப் போட்டு நல்லா தேயி. இப்படியா குடுப்பாரு மனுஷன், பச்சை பூத்து."

தையல்காரி குண்டானை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கிழவி முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டு, இத்தனை வருஷமும் அழாத அழுகையை அழ ஆரம்பித்தாள். கணவன் செத்துப்போன பெண்ணின் அழுகை அது. அழுவதற்கு அவளுக்கு இன்றைக்குத்தான் உரிமை கிடைத்திருந்தது.